கைப்பேசித் திரையில் புள்ளி தெரிகிறதா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் அன்றாட வேலைகளுள் காணொளிக் கோப்புகளை மாற்றுவதும் ஒன்றாகும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் சொல்லியிருந்தால் நாம் நகைத்திருப்போம். இன்றோ நிலைமை வேறு. எழுத்து அறிமுகப் பாடம், கதை சொல்லும் போட்டிக்கான பயிற்சி, ஆண்டு விழா நடனம் என எல்லாமே காணொளியாகிவிட்டன. அவை அனைத்தும் இறுதியில் போய்ச் சேரும் இடம் பெற்றோரின் கைப்பேசி. ஆசிரியரின் கணினியில் பளிச்சென்று தெரியும் படம், மாணவரின் கையில் இருக்கும் சிறிய திரையில் மங்கிப் போவது ஏன்? அதை எப்படித் தடுப்பது?

இது கணினி வல்லுநர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் நமக்கு இஃது எழுத்துச் சிக்கல். அவ்வாறு நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

புள்ளியைத் தொலைத்த காணொளி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பின்னர் 2021 வரையில் பள்ளிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலத்தை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர்கள் பதினெழுவர். அவர்களுள் பலருடைய வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான். அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும். ஆகவே, இயங்கலை வகுப்பைவிட, புலனக் குழுவில் வரும் காணொளிகளே அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன.

பள்ளி மீண்டும் திறந்த ஒரு வாரத்தில், மாணவி ஒருத்தியின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார்.

“டீச்சர், இவ புள்ளியே வைக்க மாட்டேங்குறா. கேட்டா, போன்ல அப்படித்தான் இருக்குன்னு சண்டைக்கு வர்றா,” என்றார்.

முதலாம் ஆண்டில் பிள்ளைகள் புள்ளியை விட்டுவிடுவது புதிதன்று. எழுதும் வேகத்தில் விடுவார்கள். நாம் நினைவூட்டினால் வைப்பார்கள். ஆனால், இப்பிள்ளை வாதாடினாள் என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. “அந்த வீடியோவைக் கொஞ்சம் காட்டுங்களேன், அம்மா,” என்றேன். அவர் தம் கைப்பேசியை நீட்டினார். மெய்யெழுத்துகளைக் கற்பிக்கும் காணொளி அது. எவர் உருவாக்கினாரோ தெரியாது. குழுவிலிருந்து குழுவாகத் தாவி வந்திருந்தது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள். சுற்றிலும் மின்னும் பூக்கள். திரையில் ‘பல்’ என்ற சொல் வந்தது. பக்கத்தில் ஒரு பல்லின் படம். எழுத்தையோ நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ‘பல’ என்றே தெரிந்தது. லகரத்தின் தலைமேல் சிவப்பும் நீலமும் கலந்த ஒரு மங்கல் மட்டுமே இருந்தது. அதைப் புள்ளி என்று சொல்ல எனக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போதுதான் ஏழு வயது.

அவள் பொய் சொல்லவில்லை. தான் கண்டதைக் கண்டபடியே எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான்.

சுவடியில் நேர்ந்ததும் திரையில் நேர்வதும்

மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெறுதல் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். எனினும், ஓலையில் எழுதிய முன்னோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். குறிலையும் நெடிலையும் காட்டும் கொம்புகளுக்கு இடையிலும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர், இத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டுதான் சொல்லையும் பொருளையும் மீட்டெடுத்தனர். அவர்களால் முடிந்தது, ஏனெனில், அவர்களுக்கு மொழி முன்பே தெரியும். இடத்தை நோக்கி, இது ‘பல்’லா, ‘பல’வா என்று முடிவு செய்ய அவர்களால் இயன்றது.

முதலாம் ஆண்டுப் பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. அவள் எழுத்தைக் கொண்டுதான் சொல்லை அடைய வேண்டும். புள்ளி மறைந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். கொம்பின் சுழி மறைந்தால் ‘கோடு’ ‘கொடு’ ஆகும். ‘பேறு’ ‘பெறு’ ஆகும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாகிப் போனால், ‘மணம்’ எது, ‘மனம்’ எது? ஆங்கில எழுத்து சற்று மங்கினாலும் அதன் பெருவடிவம் எஞ்சி நிற்கும். தமிழெழுத்தில் பொருளை மாற்றும் உறுப்புகளோ மிகச் சிறியவை. காணொளியைச் சுருக்கும்போது முதலில் அழிவதும் அந்தச் சிறிய உறுப்புகளே.

ஆகவே, ‘நல்ல தரம்’ என்பதற்கு நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். நம் வகுப்பில் உள்ள மிக எளிய கைப்பேசியில், மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் அது நல்ல தரம். தெரியாவிட்டால், கோப்பின் அளவு எவ்வளவு பெரிதாயினும் அது நல்ல தரமன்று.

அந்தக் காலத்துக் கைப்பேசியும் இந்தக் காலத்துக் கைப்பேசியும்

2003இல் வெளிவந்த நோக்கியா 6600 கைப்பேசியை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் திரை 176 பிக்சல் அகலமும் 208 பிக்சல் உயரமும் உடையது. அக்காலக் கைப்பேசிகளில் காணொளி பார்க்க வேண்டுமானால் அதனை ‘3ஜிபி’ என்னும் கோப்பு வகைக்கு மாற்ற வேண்டும். படத்தின் வழக்கமான அளவு 176க்கு 144 பிக்சல். ஒலிக்கு ஏ.எம்.ஆர். என்னும் முறை. அது தொலைபேசி உரையாடலுக்காக வகுக்கப்பட்டது; நொடிக்கு 12.2 கிலோபிட்டுக்கு மேல் அதில் இடமில்லை. மூன்று நிமிடப் பாடலொன்றை மாற்றிவிட்டு, புளூடூத் வழியாக ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக் காத்திருந்த நாள்களை எண்ணினால் இன்றும் புன்னகை வருகிறது. முகம் தெரிந்தால் போதும், பாட்டுக் கேட்டால் போதும் என்று மகிழ்ந்த காலம் அது.

இன்றைய எளிய கைப்பேசியும் 1280க்கு 720 பிக்சல் காணொளியைத் தடையின்றி ஓட்டும். 176க்கு 144 என்பதைப் பெருக்கினால் 25,344 பிக்சல். 1280க்கு 720 என்பதைப் பெருக்கினால் 9,21,600 பிக்சல். ஏறத்தாழ 36 மடங்கு! ஆயினும், 36 மடங்கு பெரிதான திரையில் ஒரு புள்ளி தெரியவில்லை என்றால், குறை கைப்பேசியில் இல்லை. கோப்பு அந்தத் திரைக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது.

ஏன் மங்குகிறது?

நான் அறிந்துகொண்ட காரணங்கள் நான்கு. எளிய முறையில் சொல்கிறேன்.

முதலாவது, பிட் வீதம். காணொளியின் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு தரவு செலவிடப்படுகிறது என்பதே பிட் வீதம். அதனை நொடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 8ஆல் வகுத்தால் கோப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு கோப்பை 16 மெகாபைட்டுக்குள் அடக்க வேண்டும் என்று கொள்வோம். மூன்று நிமிடக் காணொளியாயின் நொடிக்கு ஏறத்தாழ 711 கிலோபிட் கிடைக்கும். அதே அளவுக்குள் பத்து நிமிடக் காணொளியைத் திணித்தால் நொடிக்கு 213 கிலோபிட்தான். ஒரு குவளைப் பாலை மூவருக்குப் பங்கிடுவதற்கும் பதின்மருக்குப் பங்கிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. தரவு போதாதபோது, மென்பொருள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய வடிவங்களைக் காப்பாற்றிக்கொண்டு நுண்ணிய விவரங்களைக் கைவிடும். புள்ளி, சுழி, கொம்பின் வளைவு ஆகியவைதாம் அந்த நுண்ணிய விவரங்கள்.

இரண்டாவது, பிக்சல் அளவு. 720 பிக்சல் உயரமுள்ள படத்தில் ஓர் எழுத்து 60 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் புள்ளி 6 பிக்சல் அளவில் இருக்கும். அந்தப் படத்தை 240 பிக்சல் உயரத்துக்குக் குறைத்தால் எழுத்து 20 பிக்சலாகும்; புள்ளி 2 பிக்சலாகும். திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இரண்டு பிக்சலை இழுத்துக் காட்டத்தான் முடியும். இழந்ததை மீட்க முடியாது.

மூன்றாவது, நிறம். இதனை அறிந்தபோது நான் மிகவும் வியந்தேன். நம் கண் வெளிச்சத்தின் வேறுபாட்டை நுணுக்கமாகக் காணும். நிறத்தின் வேறுபாட்டை அத்துணை நுணுக்கமாகக் காணாது. எனவே, வழக்கமான காணொளிகளில் வெளிச்ச விவரம் முழுமையாகவும் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிக்கப்படுகின்றன. முகத்தையும் இயற்கைக் காட்சியையும் பார்க்கும்போது இக்குறை தெரியாது. ஆனால், நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்தால் என்னவாகும்? இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் உடையவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. மேலே சொன்ன 2 பிக்சல் புள்ளிக்கு நிற விவரம் 1 பிக்சல்தான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதும் பழக்கம் எவ்வளவு அறிவுடையது பாருங்கள்!

நான்காவது, நகலின் நகல். நாம் அனுப்பும் காணொளியைப் பெரும்பாலான செய்திச் செயலிகள் மீண்டும் ஒருமுறை சுருக்கியே அனுப்புகின்றன. அதனை ஒருவர் தம் கைப்பேசியில் வெட்டி, பெயர் பொறித்து, மறுபடி அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும். ஒளிநகல் எடுத்த பயிற்றியை மீண்டும் மீண்டும் ஒளிநகல் எடுத்தால் எழுத்து எப்படிச் சிதையுமோ, அப்படித்தான் இதுவும்.

தாயார் காட்டிய காணொளியில் இந்நான்கின் அடையாளமும் எனக்குத் தெரிந்தது.

மாற்றும் முறை

இப்பணிக்கு நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்னும் மென்பொருள். கட்டணம் இல்லை, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். இணையத்தில் பதிவிறக்கும்போது அதன் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள்.

1. மூலக் கோப்பைத் தனியே ஒரு கோப்புறையில் பாதுகாப்பாக வையுங்கள். மாற்றுவது எப்போதும் மூலத்திலிருந்தே இருக்கட்டும். மாற்றப்பட்டதிலிருந்து மறுபடி மாற்ற வேண்டாம். பவர்பாயின்ட்டில் பாடம் தயாரித்தால், அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதலே எம்.பி.4 கோப்பாக நேரடியாகச் சேமிக்கலாம்.

2. கோப்பு வகையாக எம்.பி.4ஐத் தேர்ந்தெடுங்கள். அது வெறும் கொள்கலன்தான். உள்ளே இருக்கும் படத்துக்கு எச்.264 முறையைத் தேர்ந்தெடுங்கள். 2003இல் வகுக்கப்பட்ட இம்முறையை இன்று ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளும் ஓட்டும். அதற்குப் பின் 2013இல் வந்த எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும் என்பது உண்மையே. ஆயினும், பழைய கைப்பேசிகள் சிலவற்றில் ஒலி மட்டும் வரும், படம் வராது. 2017க்குப் பின் வந்த ஐபோன்கள் பல, தாமாகவே எச்.265இல் பதிவு செய்கின்றன. ஐபோனில் பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்கள் இதனை நினைவில் வைத்து, அனுப்புவதற்கு முன் எச்.264க்கு மாற்றிவிடுவது நல்லது.

3. ஆயத்த அமைப்புகளில் ‘ஃபாஸ்ட் 720பி30’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசிப் பாடத்துக்கு இது போதும். மூலப்படம் அதைவிடச் சிறியதாயின், அதன் அளவிலேயே விடுங்கள். சிறியதைப் பெரிதாக்கினால் கோப்புதான் பெருக்கும், தெளிவு பெருகாது.

4. பிட் வீதத்தை நாமே குறிப்பதைவிட, ‘நிலையான தரம்’ என்னும் வழியே சிறந்தது. அதில் ஆர்.எஃப். என்றோர் எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும். 720 பிக்சல் படத்துக்கு 19 முதல் 23 வரையில் வைக்கலாம். எழுத்துப் பாடங்களுக்கு நான் 20 வைக்கிறேன்.

5. பாடம் முழுதும் எழுத்தட்டைகளும் வரைபடங்களுமாக இருந்தால், ‘டியூன்’ என்னும் இடத்தில் ‘அனிமேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தட்டையான நிறங்களும் கூரிய ஓரங்களும் உள்ள படங்களுக்கு அது ஏற்றது.

6. சட்டக வீதத்தை ‘நிலையானது’ என்று வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்த காணொளிகளில் நொடிக்கு இத்தனைச் சட்டகம் என்பது கூடியும் குறைந்தும் வரும். மாற்றும்போது வாயசைவும் ஒலியும் பிரிந்துபோக அதுவும் ஒரு காரணம்.

7. ஒலிக்கு ஏ.ஏ.சி. முறை, ஒற்றைத் தடம், 96 கிலோபிட். பேச்சுக்கு இதுவே தாராளம்.

8. ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்னும் கட்டத்தில் குறியிடுங்கள். கோப்பின் பொருளடக்கம் அதன் தொடக்கத்திலேயே இடம்பெறும். இணையத்திலிருந்து நேரடியாகப் பார்ப்போருக்கு, முழுவதும் இறங்குமுன்பே படம் ஓடத் தொடங்கும்.

மாற்றிய கோப்பைப் புலனத்தில் அனுப்பும்போது, காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு மறுபடி சுருங்காமல் அப்படியே சென்று சேரும். 2022 முதல் 2 ஜிகாபைட் வரையிலான கோப்பை இவ்வாறு அனுப்ப வழியுண்டு. அதற்காக ஒரு மணி நேரப் பாடத்தை அனுப்பிவிடாதீர்கள்! முன்கட்டண அட்டையில் தரவு வாங்கும் குடும்பங்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு பாடம், ஒரு பாடத்துக்கு ஐந்தாறு சொற்கள் என்று பிரித்துக்கொண்டால், தரவும் மிச்சம்; பிள்ளைக்கும் சலிப்பில்லை. தரவு வசதியே இல்லாத இரண்டு குடும்பங்கள் வெள்ளிக்கிழமையில் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டு வருவார்கள். கம்பி வழியாகக் கணினியிலிருந்து நகலெடுத்துக் கொடுப்போம். ஐந்து நிமிட வேலை.

பூக்கள் வேண்டுமா?

இங்கே ஆசிரியத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடக் காணொளியில் மின்னும் நட்சத்திரங்களையும் உதிரும் பூக்களையும் பறந்து வரும் எழுத்துகளையும் சேர்க்க நம்மில் பலருக்கும் ஆசை. பிள்ளைகளைக் கவரும் என்பது நம் எண்ணம். ஆனால், காணொளி இயங்கும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சட்டகத்தை முழுமையாகச் சேமித்த பின், அடுத்தடுத்த சட்டகங்களில் எது மாறியதோ அதை மட்டுமே மென்பொருள் குறித்துக்கொள்கிறது. அசையாத எழுத்தட்டைக்கு மிகக் குறைந்த தரவே போதும். பின்னணியில் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தால், தரவு முழுவதும் பூக்களுக்கே செலவாகும். எழுத்துக்கு எஞ்சுவது சொற்பம்.

வெண்மையான பின்னணி, கறுப்பு எழுத்து, திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது எழுத்து, ஒரு நேரத்தில் ஒரு சொல், குறைந்தது ஐந்து நொடி அசையாமல் நிற்றல். இப்படி அமைத்த மூன்று நிமிடப் பாடம் சில மெகாபைட்டில் அடங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அழகு குறைந்தது போல் நமக்குத் தோன்றலாம். பிள்ளைக்கோ படிப்பது எளிதாகிறது.

காதுக்கும் தெளிவு வேண்டும்

எழுத்துக்குப் புள்ளி எப்படியோ, ஒலிக்குத் தெளிவு அப்படி. வால், வாள், வாழ் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லக் கற்கும் பிள்ளை, அவற்றை வேறுபடுத்திக் கேட்க வேண்டும் அல்லவா? வகுப்பறையில் காற்றாடி சுழல, எட்டடி தொலைவில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்த குரலை எந்த மென்பொருளாலும் தெளிவாக்க முடியாது. பதிவு செய்யும்போதே காற்றாடியை நிறுத்துங்கள், சன்னலை மூடுங்கள், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். கம்பியுள்ள சாதாரண காதொலிப்பானில் இருக்கும் சிறிய ஒலிவாங்கியே இதற்குப் போதுமானது. மாற்றும்போது ஒலியின் பிட் வீதத்தைக் கஞ்சத்தனமாகக் குறைக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்கு 96 கிலோபிட் என்றால் 2.16 மெகாபைட்தான். படத்தில் மிச்சம் பிடிக்கலாம். மொழிப்பாடத்தின் ஒலியில் மிச்சம் பிடிக்கலாகாது.

பழைய ஆண்டு விழா வட்டுகள்

பாடக் காணொளிகளுக்கு அடுத்து, பெற்றோர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது பழைய ஆண்டு விழா வட்டுகளைக் கைப்பேசிக்கு மாற்றித் தரும்படிதான். பள்ளியின் அலுவலக அலமாரியில் இருக்கும் டிவிடி வட்டுகளில், இன்று பெற்றோராக வருகிறவர்கள் சிலர் மாணவர்களாக ஆடிப்பாடிக்கொண்டிருக்கிறார்கள்! வீட்டில் பதிவு செய்யப்படும் வட்டுகள் நாளடைவில் படிக்க முடியாமல் போகக்கூடியவை. எனவே, இவற்றை இப்போதே கணினியில் நகலெடுத்து வைப்பது நம் கடமை.

இவற்றை மாற்றும்போது சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. நம் நாட்டு டிவிடி படம் 720க்கு 576 பிக்சல் உடையது. அந்தப் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. ஆகவே, உயர அகல விகிதத்தை 4க்கு 3 என்று காக்காவிட்டால், குத்துவிளக்கும் ஆடுகிற பிள்ளைகளும் உருவம் மாறித் தெரிவார்கள். அடுத்து, அக்காலத் தொலைக்காட்சி முறையில் ஒவ்வொரு சட்டகமும் இரண்டு பாதிகளாகப் பதிவாகும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணத்திலும் பதிவாவதால், வேகமாகக் கைவீசும் இடங்களில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தோன்றும். ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ என்னும் வடிப்பானை இயக்கினால் அவை மறையும். மூன்றாவது, தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 18 அல்லது 19 என்று வையுங்கள். ஏற்கெனவே குறைவாக உள்ள விவரத்தில் மேலும் இழப்பு வேண்டாம்.

மாற்றிய பின்னர் மூல வட்டின் நகலை அழித்துவிடாதீர்கள். கைப்பேசிக்காகச் செய்த கோப்பு இன்றைய தேவைக்கு உரியது. பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு திரை வரும். வேறொரு முறை வரும். அப்போது மாற்றுவதற்கு மூலம் வேண்டும். 3ஜிபி கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூல நாடாவைத் தொலைத்த குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன். அவர்களிடம் எஞ்சியிருப்பது தாத்தாவின் முகம் இருந்த இடத்தில் சில சதுரக் கட்டங்கள்தாம்.

எவரைக் கேட்டுச் சோதிப்பது?

கோப்பை மாற்றியாயிற்று, தரம் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? நம் கண்ணை நம்பலாகாது என்பதே என் பட்டறிவு. நமக்குத் தமிழ் தெரியும். புள்ளி இல்லாத இடத்திலும் நம் மூளை புள்ளி வைத்துப் படித்துவிடும். ஏடு படித்த பெரியோருக்கு வரமாக இருந்த அத்திறன், இங்கே நம்மை ஏமாற்றிவிடும்.

எனவே, நான் கைக்கொள்ளும் முறை இதுதான். வகுப்பிலேயே மிகப் பழைய கைப்பேசி எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்தக் கைப்பேசியில் அனுப்பிப் பார்க்க வேண்டும். நாம் அனுப்பும் அதே வழியில் அனுப்ப வேண்டும். கம்பியில் நகலெடுத்துச் சோதித்தால் உண்மை தெரியாது. பின்னர், பொருளில்லாத எழுத்துக் கோவைகளைத் திரையில் காட்டிப் பிள்ளையைப் படிக்கச் சொல்ல வேண்டும். ‘ண், ன, ன், ண, கெ, கே’ என்று வரிசை மாற்றி வைத்தால், ஊகித்துச் சொல்ல இயலாது. கண்ணால் கண்டால்தான் சொல்ல முடியும். ஆறும் சரியாக வந்தால் அந்தப் பாடத்தை எல்லாருக்கும் அனுப்பலாம். ஒன்று தவறினாலும் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஆர்.எஃப். எண்ணைக் குறைக்க வேண்டும்.

புள்ளி வைக்க மறுத்த அந்த மாணவிக்குப் பாடங்களை வெண்பின்னணியில் புதிதாய் அமைத்து அனுப்பியதோடு, ஒரு மாதம் சாக்கட்டியால் கரும்பலகையிலும் எழுதிக் காட்டினேன். பிறகு அவள் புள்ளி வைக்கத் தொடங்கினாள். காணொளி மாறியதாலா, கரும்பலகையாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். இரண்டிலும் புள்ளி ஒரே இடத்தில், ஒரே தெளிவோடு இருந்தது என்பது மட்டும் உறுதி.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் அனுப்பும் காணொளியைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன், நீங்கள் ஒரு நிமிடம் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், “இது எங்கள் போனின் குறை” என்று எண்ணி வாளாவிருந்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பினால் இன்னும் நல்லது. ஆசிரியர் தம் கணினியில் காண முடியாத ஒன்றை, நீங்கள் மட்டுமே அவருக்குக் காட்ட முடியும்.

மென்பொருளை ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். முதலில் மூன்று நிமிடப் பாடம் ஒன்றை மாற்றிப் பாருங்கள், ஆர்.எஃப். எண்ணை 20, 24, 28 என்று மாற்றி, மூன்று கோப்புகளாகச் செய்து, ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். புள்ளி எந்த எண்ணில் மறையத் தொடங்குகிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். அதன்பின் எவருடைய அறிவுரையும் உங்களுக்குத் தேவைப்படாது.